டிரம்மிலிருந்து எடுத்த பாட்டில்

பேரம் பேசாதவர்களிடம் வியாபாரம் செய்ய எனக்கு எப்போதுமே கொஞ்சம் கூச்சமாக இருக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். கெங்கம்மாள் அப்படிப்பட்டவர். விலையைச் சொன்னால் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஒரு வார்த்தை குறைத்துக் கேட்டிருந்தால் நானும் கொஞ்சம் இறங்கிவந்திருப்பேன். இரண்டு பேருக்கும் மரியாதையாக இருந்திருக்கும்.

நீங்கள் உட்கார்ந்ததும் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. பரிசோதனைக்கு நான் கொடுத்த பாட்டில், கடைக்குப் பின்னால் இருக்கிற டிரம்மிலிருந்து எடுத்ததா இல்லையா. ஆமா, இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் போதும் என்றீர்கள். கெங்கம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். காய்ச்சல் இறங்கவில்லை, நெஞ்செல்லாம் சளி. டாக்டர்கள் முதலில் என் டிரம்மைச் சந்தேகப்பட்டார்கள். பிறகு என் கடைச் சுவரில் தொங்குகிற பரிசோதனைத் தாளின் படத்தைப் பார்த்துவிட்டு, அதில் இருப்பது பயிருக்கு நல்லது செய்கிற நுண்ணுயிர், மனிதரை ஒன்றும் செய்யாது என்று சந்தேகத்தை விட்டுவிட்டார்கள். அந்தத் தாள் அந்த டிரம்முக்குரியது இல்லை என்றால் வேறு ஊசி போடுவார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் அந்த ஊசியை யூகத்தில் போட முடியாதாம். அவ்வளவுதானே. நன்றாகவே புரிகிறது.

பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் முன்னும் பின்னும் இல்லாமல் ஒரு வார்த்தையைத் தூக்கிக் கையில் கொடுத்தால் அதை நீங்கள் எங்கே வைப்பீர்கள். டீ ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கிற ஏட்டய்யாவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

என் நைனா பொதட்டூர்பேட்டையில் லுங்கி வியாபாரம் செய்தவர். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வருகிறவன் கேட்கிற லுங்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நைனா அதை முதலில் எடுத்துப் போட மாட்டார். கேட்காததையெல்லாம் ஒவ்வொன்றாக விரிப்பார். தெலுங்கில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம் பேச்சு. வந்தவன் பஸ்ஸை விட்டாலும் சரி, கேட்டது கடைசியில்தான் வரும். வந்தவனும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவான். அந்தக் கடையில் தவழ்ந்து வளர்ந்தவன் நான். உரம், விதை, பூச்சிமருந்து என்று சரக்கு மாறியதே தவிர கை மாறவில்லை.

அனுசுயா மேடத்தை உங்களுக்குத் தெரியும். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வருகிறவர். திருவாலங்காட்டுப் பக்கம் ராஜமாணிக்கம் அண்ணனுடைய நிலத்தில் ஒரு மூலை இருக்கிறது. சுற்றிலும் நெல் மஞ்சளாகி நிற்கும்போது அந்த மூலை மட்டும் கருகருவென்று நிற்கும். அதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் வந்தார். நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். செடியைப் பிடுங்கி, வேரை உதறி, வேரோடு ஒட்டிக்கொண்டிருந்த மண்ணை மட்டும் குழந்தைக்குக் காது சுத்தம் செய்வதுபோல எடுத்துப் பையில் போட்டார். எதற்கு என்று கேட்டேன். வேர் கொஞ்சம் சர்க்கரையை மண்ணில் விடுமாம். அதைத் தின்ன வருகிற பாக்டீரியாக்கள் பதிலுக்கு வேருக்கு வேண்டியதைச் சேர்த்துக் கொடுக்குமாம். கேட்டதும் அந்த ஜீவன்கள் மேல் எனக்குச் சொந்தக்காரப் பாசம் வந்துவிட்டது. மண்ணுக்கு அடியிலும் கடைதான் நடக்கிறது.

அடுத்த முறை வந்தபோது போனில் படம் காட்டினார். கண்ணாடித் தட்டில் வளர்த்திருந்தார். பல தினுசுப் புள்ளிகள். அதில் ஒன்று சுருங்கிய அப்பளம் மாதிரி இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வளர்கிறதாம்.

"இவன் நல்லவனா இருக்கலாம் சார். ஆனா இதே குடும்பத்துல மனுஷனுக்கு ஆகாதவனும் ஒருத்தன் இருக்கான். பார்வைக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி. பேர் தெரியறவரைக்கும் அந்த மூலை மண்ணை யாரும் எடுக்க வேணாம்னு சொல்லிவைங்க" என்றார்.

"ஜாதகம் பார்த்துட்டுதான் வேலைக்கு வைப்பீங்களா மேடம்?"

"ஜாதகம் இல்ல சார். போலீஸ் வெரிஃபிகேஷன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படித்தவர்களிடம் அதுதான் குறை.

அவர் வேரை உதறிய அன்று கீழே விழுந்த மண் கொஞ்சம் என் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், நான்தான் போட்டேன். வெல்லம், மோர், கொஞ்சம் கடலைமாவு, ஒரு நீல டிரம். ஊரில் இயற்கை விவசாயம் செய்கிறவன் எல்லாம் செய்கிற காரியம்தான். கொஞ்ச நாளில் நல்ல வாசனை வந்தது, மழை விட்ட பிறகு வருமே, அந்த மாதிரி. ராஜமாணிக்கம் அண்ணனுக்கே முதலில் கொடுத்தேன். நடுவதற்கு முன்னால் நாற்று முடியின் வேரை அதில் நனைத்து எடுத்து நட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மேடம், நான் பொய் சொல்ல விரும்பவில்லை. பயிர் வந்த அழகைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. இந்தக் கடையில் நான் எத்தனையோ பாக்கெட் விற்றிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முத்திரை உண்டு, எண் உண்டு, தாள் உண்டு. பாதிக்குமேல் வேலை செய்ததில்லை. வாழ்நாளில் முதல்முறையாக வேலை செய்கிற சரக்கு ஒன்று கையில் வந்தது. அதற்குத் தாள்தான் இல்லை. மணவூரிலிருந்து வந்தார்கள். ஆந்திராப் பக்கத்திலிருந்து கேனைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் போன் அடிக்கிறது. எடுத்துப் பேசுங்கள், எனக்கு அவசரமில்லை.

'இன்னும் சொல்லல' என்று சொன்னீர்கள். அது சரியில்லை, மேடம். சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஆடுகளைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ராஜமாணிக்கம் அண்ணன் வரப்பில் வைத்திருந்த வாளியில் அவருடைய ஆடுகள் வாயை வைத்துவிட்டன. வெல்லத் தண்ணீர், ஆட்டைச் சொல்லிக் குற்றமில்லை. கொஞ்ச நாள் இருமிக்கொண்டு திரிந்தன. பிறகு காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. அண்ணன் கடைக்கு வந்து நின்றார்.

"இன்னா நாகராஜு, உன் தண்ணியக் குடிச்சுதான் போச்சோன்னு சந்தேகமா கீதுடா."

"பயிருக்குக் குடுத்தத ஆடு குடிச்சா நான் இன்னாண்ணே பண்றது. பயிர் எப்படி கீது, அதைச் சொல்லு."

"பயிரு சும்மா கருகருன்னு கீது."

"அப்புறம் இன்னா."

யோசித்துப் பார்த்தார். அப்புறம் இன்னா என்பது அவருக்கும் சரியாகத்தான் பட்டது. இன்னொரு கேன் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு நான் பின்னால் போய் டிரம்மைத் திறந்து பார்த்தேன். மேலே ஏடு படிந்திருந்தது. சுருங்கிய அப்பளம் மாதிரி. அப்போதே எனக்குத் தெரியும், மேடம். தெரியாது என்று சொல்வதற்காக நான் இங்கே உட்காரவில்லை. தெரிந்ததும் என்ன செய்தேன் என்றால், கையை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன். அன்றிலிருந்து ரப்பர் கையுறை இல்லாமல் நான் அந்த மூடியைத் தொட்டதில்லை. எச்சரிக்கையான ஆள் என்று என்னைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தச் சமயம் பார்த்து அனுசுயா மேடம் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேரே பின்பக்கம் போகப் பார்த்தார். நான் நாற்காலி போட்டு உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

"நீங்க பண்றது ரொம்பத் தப்பு சார். நான் மேல எழுதப் போறேன்."

"எழுதுங்க மேடம். ஆனா என்னா இருக்குதுன்னு பார்த்துட்டு எழுதுங்க. பார்க்காம எழுதினா உங்க படிப்புக்குத்தான் கேவலம்."

அவர் யோசித்தார். படித்தவர்களை அந்த இடத்தில் தொட்டால் போதும்.

"சரி, ஒரு பாட்டில் குடுங்க. நானே டெஸ்ட் பண்றேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு வெளிய போகக்கூடாது."

நான் பின்னால் போனேன். அவர் இளநீரின் வழுக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பாட்டிலோடு திரும்பி வந்தேன். அந்தப் பாட்டிலைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். வருகிறேன்.

கொஞ்ச நாளில் தாள் வந்தது. அசோஸ்பைரில்லம், பயிருக்கு நன்மை செய்வது, வேறு கெட்ட கிருமி எதுவும் காணப்படவில்லை. கீழே கையெழுத்து, முத்திரை. அவரே கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் ஒரு குழப்பம். "வேர்ல நான் பார்த்தவன் இதுல வரவே இல்ல சார். அதான் புரியல" என்றார். மலைமேல் இருக்கிறவன் பார்த்துக்கொண்டான் என்றேன். என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்டார். நான் பெரிதுபடுத்தவில்லை.

தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குக் கீழே மாட்டினேன். காலையில் அவருக்கு மாலை போடும்போது மீதிப் பூவை இதற்கும் செருகிவைப்பேன்.

ஆடிக் கிருத்திகை அன்று இந்தத் தெருவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலை மட்டும்தான் தெரியும். நான் வருஷா வருஷம் கடை வாசலில் மோர் ஊற்றுகிறவன். கெங்கம்மாள் தன் ஊரிலிருந்தே புஷ்பக் காவடி எடுத்து நடந்து வந்தார். வெறுங்கால். தார் ரோடு கொதிக்கிற வெயில். சர்க்கரை வியாதி வேறு, காலில் சூடு உறைக்காது. மலை ஏறி இறங்கிக் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது இரண்டு பாதமும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடந்தது. மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டிருந்தார். நான் அதைக் கவனித்தேன். கவனிப்பதுதான் என் தொழில்.

"நைனா, ராஜமாணிக்கம் நாளான்னைக்கு நடவு வச்சிருக்காரு. அந்த வேர் தண்ணி வாங்கியாரச் சொன்னாரு" என்றார். எங்கள் பக்கம் பெற்ற தகப்பனையும் நைனா என்போம், பிரியப்பட்டவர்களையும் நைனா என்போம். அவர் என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். நடவு நடுகிற பெண்களுக்கு அவர்தான் தலைவி. நாற்று முடியை நனைத்து எடுத்துக் கொடுப்பது அவருடைய கை. நிற்பது அந்தச் சேற்றில்.

"இந்தக் காலோடயா இறங்கப் போறே?"

"காவடி எடுத்த காலுக்கு ஒண்ணும் ஆவாது நைனா. ஆங், ஒண்ணு கேக்கணும். கையில பட்டா இன்னாவாச்சும் ஆவுமா இது? ஆடு செத்துப் போச்சுன்னு பேசிக்கினு இருக்காங்க."

மேடம், அந்த நிமிஷத்தை நான் பல தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். என் கையுறை ஜோடி அங்கேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் கையுறையை நீட்டினால் அடுத்த கேள்வி வரும். எதற்கு என்று. சரக்கை மேசையில் வைத்துவிட்டு அதன் குறையை நாமே சொல்வதை நைனா செய்து நான் பார்த்ததில்லை. நான் ஒன்றுமே பேசவில்லை. சுவரில் இருந்த தாளைக் கையால் காட்டினேன். அவ்வளவுதான். வாயால் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

கெங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. முருகனுக்குக் கீழே இருக்கிற தாள், பூ வேறு செருகியிருக்கிறது. எழுந்து போய் அந்தக் கண்ணாடியைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். பேரம் பேசவில்லை.

மறுபடியும் போன். தயங்காமல் எடுங்கள். கடைக்காரன் எதிரில் இருக்கிற எழுத்தைத் தலைகீழாகப் படிக்கப் பழகியிருப்பான். 'அனிதா, கெங்கம்மாள் மகள்' என்று வருகிறது. நல்ல பெண். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் வேலை. அம்மா படுத்ததிலிருந்து லீவு போட்டிருக்கிறாள்.

அவள் போன வாரம் இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி.

"அண்ணா, எங்கம்மா அந்தத் தண்ணிய ரெண்டு கையாலயும் கலக்கினு இருந்தாங்க. அதுல இன்னா இருந்துச்சுன்னு சொல்லுண்ணா. டாக்டர் கேட்டுக்கினே இருக்காரு. என்னான்னு தெரிஞ்சா மருந்து இருக்குதாம்ணா."

அவள் பேரம் பேசவில்லை, அழுதாள். சுவரிலிருந்த தாளைச் சட்டத்தோடு கழற்றிக் கீழே இறக்கினேன். போனில் படம் எடுத்துக்கொள் என்றேன். கண்ணாடியில் ட்யூப்லைட் பளிச்சென்று அடித்தது, எழுத்து தெரியவில்லை. நானே வெளிச்சம் அடிக்காதபடி சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். தெளிவாக விழுந்தது. "ரொம்ப தேங்க்ஸ்ணா" என்றாள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் டாக்டர்கள் டிரம்மை விட்டுவிட்டு வேறு காரணம் தேடப் போனார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு என்று ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதுவது என்றதும் நினைவு வருகிறது. எனக்கு ஒன்றும் பெரிதாக வேண்டாம். இந்த வாக்குமூலத்தின் தலைப்பில், நாகராஜன் தானாக முன்வந்து சொன்னது என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும். யாரும் மிரட்டிக் கேட்கவில்லையே. உண்மையும் அதுதானே.

"ஒரு உயிர் போய்க்கிட்டு இருக்கு. நீங்க வரிக்குப் பேரம் பேசுறீங்களா?" என்கிறீர்கள். சத்தம் போட வேண்டாம், வெளியே வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள். பேனாவை மூடிவைத்துவிட்டீர்கள். சரி. முடியாது என்பதும் ஒரு விலைதான். கேட்டுக்கொண்டேன்.

எங்கே விட்டேன். பாட்டில். அனுசுயா மேடம் முன்பக்கம் வழுக்கை சுரண்டிக்கொண்டிருந்தார் என்றேன். பின்பக்கம் டிரம்முக்கு நேரே எதிரில் பாக்கெட் அடுக்கு இருக்கிறது. அசோஸ்பைரில்லம், அரசு முத்திரையோடு. அதை ஒரு கிண்ணத்தில் கொட்டி, வெல்லத் தண்ணீரில் கரைத்தேன். நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. ஆறின டீயை ஒரு மடக்கு ஊற்றினேன், சரியாக வந்தது. அவர் நல்ல பாக்டீரியாவைத் தேடித்தான் இந்த ஊருக்கு வந்தார். நான் நல்ல பாக்டீரியாவைத்தான் கொடுத்தேன்.

ஆக, இல்லை. உங்கள் கேள்விக்குப் பதில், இல்லை. அந்தத் தாளுக்கும் டிரம்முக்கும் சம்பந்தமில்லை. இப்போது தாராளமாகச் சொல்லிவிடலாம். நம்பரை நீங்கள் போடுவதற்குள் அங்கிருந்தே அடிக்கிறது பாருங்கள். அனிதாதான்.

…

உட்காருங்கள், மேடம். தண்ணீர் குடியுங்கள். எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. நல்ல மனுஷி. வாய் நிறைய நைனா என்று கூப்பிடுவார்.

என்னை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. சொல்ல மாட்டேன் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. நீங்கள்தான் உட்கார்ந்ததிலிருந்து கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டது ஒரு வரி, அதற்குப் பேனாவை மூடிவிட்டீர்கள். அப்போது எழுதியிருந்தால் நானும் அப்போதே இறங்கிவந்திருப்பேன். இரண்டு பேருக்கும் மரியாதையாக இருந்திருக்கும்.